எண்ணியவனுக்கே குறை தெரியும்

திருவண்ணாமலை எண்ணத் தெரிந்த ஊர். பௌர்ணமிதோறும் மலையைச் சுற்றி வர எத்தனை இலட்சம் மக்கள் திரள்வர், அவர்களுக்கு எத்தனை சிறப்புப் பேருந்துகள் வேண்டும், எங்கெங்கே குடிநீர் வைக்க வேண்டும், எத்தனை காவலர் நிற்க வேண்டும் என்பதையெல்லாம் நம் மாவட்ட நிர்வாகம் முன்கூட்டியே அமர்ந்து கணக்கிடுகிறது. கார்த்திகைத் தீபத்தின்போது இக்கணக்கு இன்னும் பல மடங்கு விரிகிறது. கணக்குத் தவறினால் நெரிசலில் உயிர் போகும் என்பதை அறிந்தே இத்தனை கவனம் செலுத்தப்படுகிறது. இது பாராட்டத்தக்கதே. ஆனால் இதே மாவட்டத்தில், கூட்டமும் நெரிசலும் இன்றி, ஓசையே எழாமல் மறைந்துபோன உயிர்களின் கணக்கைப் பற்றி இங்கே எவரும் பேசுவதில்லை. அதைப் பற்றியே இக்கட்டுரையில் பேச விழைகிறோம்.

2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் 1,41,205 பேர். பெண் குழந்தைகள் 1,31,364 பேர். அதாவது 1,000 ஆண் குழந்தைகளுக்கு 930 பெண் குழந்தைகள். பத்தாண்டுகளுக்கு முன், 2001-இல், இவ்வெண் 948 ஆக இருந்தது. இயற்கை தன் போக்கில் விடப்பட்டால் ஏறத்தாழ 105 ஆண் குழந்தைகளுக்கு 100 பெண் குழந்தைகள் பிறக்கின்றன என்பது உலகெங்கும் கண்டறியப்பட்ட உண்மை. அக்கணக்கில் 1,000 ஆண் குழந்தைகளுக்கு 952 பெண் குழந்தைகளேனும் இருந்திருக்க வேண்டும். பென்சிலும் தாளும் கொண்டு எவரும் போட்டுப் பார்க்கலாம்: நம் ஒரு மாவட்டத்தில் மட்டும், ஆறு வயதுக்குட்பட்டோருள் ஏறத்தாழ 3,000 பெண் குழந்தைகள் இல்லை. அவர்கள் இருந்திருந்தால் இன்று பள்ளியிறுதி வகுப்புகளிலும் கல்லூரிகளிலும் அமர்ந்திருப்பர்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அதே பத்தாண்டுகளில் தமிழகம் முழுமைக்குமான எண் 942-இலிருந்து 943 ஆக உயர்ந்தது. மாநிலத்தின் சராசரியை மட்டும் பார்த்தவர்கள், நிலைமை மோசமாகவில்லை என்று நிம்மதி கொண்டிருப்பர். ஆனால் சராசரி என்பது பலரும் சேர்ந்து போர்த்திக்கொண்ட போர்வை. அதன் அடியில் எவர் நடுங்குகிறார் என்பது வெளியே தெரியாது. தருமபுரியில் 826 ஆக இருந்தது 913 ஆகவும், சேலத்தில் 851 ஆக இருந்தது 916 ஆகவும் உயர்ந்தன. கடலூரிலும் அரியலூரிலும் திருவண்ணாமலையிலும் எண் சரிந்தது. கடலூர் 896-க்கு இறங்கியது. நோய் இடம் மாறியது. சராசரியோ அசையாமல் நின்றது.

இதற்கு அரசு என்ன செய்தது? 1992-இல் அன்றைய முதலமைச்சர் செல்வி ஜெயலலிதா சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை, 2011-இல் மீண்டும் முதலமைச்சரானபோது கடலூர், அரியலூர், பெரம்பலூர், விழுப்புரம், திருவண்ணாமலை ஆகிய ஐந்து மாவட்டங்களுக்கும் விரித்தார். புள்ளிவிவரம் வந்தவுடன் அரசு அதைப் படித்துச் செயலில் இறங்கியது என்ற அளவில் இது போற்றத்தக்கதே. பெண் குழந்தையை வளர்க்க இயலாதெனக் கருதும் பெற்றோர் அதைக் கொல்லாமல், அரசு வைத்த தொட்டிலில் விட்டுச் செல்லலாம். அரசு அதை வளர்த்துத் தத்துக் கொடுக்கும். எருக்கம்பாலுக்கும் நெல்மணிக்கும் இரையாக இருந்த சிசுக்களுக்கு அத்தொட்டில் ஒரு கதவைத் திறந்தது. அக்கதவை மூடுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை.

நாம் கேட்பது வேறு. இத்திட்டம் பயன் தந்ததா என்பதை இதுவரை எப்படி அளந்தோம்? தொட்டிலுக்கு வந்த குழந்தைகளை எண்ணினோம். இத்தனை குழந்தைகள் காப்பாற்றப்பட்டன என்று மேடையில் அறிவித்தோம். தொட்டிலுக்கு வந்த குழந்தைகளுள் எத்தனை பேர், தொட்டில் இல்லாதிருந்தால் கொல்லப்பட்டிருப்பர்? எத்தனை பேர், தொட்டில் இல்லாதிருந்தால் வறுமையோடு வறுமையாகத் தாயின் மடியிலேயே வளர்ந்திருப்பர்? தொட்டிலுக்கு வந்தபின் எத்தனை பேர் முதல் மாதத்தைத் தாண்டினர்? எத்தனை பேர் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தனர்? இக்கேள்விகளுக்கு விடை தெரியாதவரை, தொட்டிலின் எண்ணிக்கை தொட்டிலைப் பற்றியே பேசுகிறது. பெண் குழந்தைகளைப் பற்றிப் பேசவில்லை.

தொட்டில் ஆதரவாளர்கள் தருமபுரியையும் சேலத்தையும் காட்டுவர். அங்கே எண் உயர்ந்தது உண்மை. ஆனால் சேலத்தில் தொட்டில் வைத்து ஒன்பது ஆண்டுகள் கடந்த பின்னும், 2001-இல், எண் 851 ஆகவே கிடந்தது என்பதும் உண்மை. உயர்வு வந்தது அதற்கடுத்த பத்தாண்டுகளில். அந்தப் பத்தாண்டுகளில் தொட்டில் மட்டுமா இருந்தது? கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் 2003-இல் கடுமையாக்கப்பட்டது. சிசுக்கொலை வழக்குகள் பதிவாயின. வீதி நாடகக் கலைஞர்கள் ஊர் ஊராகச் சென்றனர். மகளிர் சுய உதவிக் குழுக்கள் எழுந்தன. பெண்கள் கூடுதலாகப் படித்தனர். பத்துப் பேர் சேர்ந்து இழுத்த தேரை ஒருவர் மட்டும் தாம் இழுத்ததாகச் சொல்லிக்கொள்வது நியாயமாகாது. எவர் இழுப்பு எவ்வளவு என்பதை அறிய முயன்றோமா என்பதே கேள்வி.

இதனினும் பெரிய கேள்வி ஒன்று உண்டு. தொட்டில் என்பது பிறந்த குழந்தைக்கான மருந்து. பிறக்கவே விடப்படாத குழந்தைக்குத் தொட்டில் என்ன செய்யும்? 1992-இன் சேலத்தில் இருந்த நோயும் 2011-இன் திருவண்ணாமலையில் இருந்த நோயும் ஒன்றுதானா? 2018 டிசம்பரில் இந்நகரிலேயே, சட்டத்துக்குப் புறம்பாகக் கருவின் பாலினம் பார்த்துக் கருக்கலைப்பும் நடந்துவந்தது கண்டுபிடிக்கப்பட்டுச் செய்தித்தாள்களில் வந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஸ்கேன் கருவி வந்த இடத்தில் எருக்கம்பாலுக்கு வேலை இல்லை.

இவ்விரு நோய்களையும் பிரித்தறிய வழி உண்டு. அது கடினமும் அன்று. பிறக்கும்போதே பெண் குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்திருந்தால், இழப்பு பிறப்புக்கு முன்னே நிகழ்ந்தது. பிறக்கும்போது சரியாக இருந்து முதல் ஆண்டுக்குள் பெண் குழந்தைகள் மட்டும் கூடுதலாக இறந்தால், இழப்பு பிறப்புக்குப் பின்னே நிகழ்ந்தது. முதலாவதற்கு ஸ்கேன் மையங்களைக் கண்காணிக்க வேண்டும். இரண்டாவதற்கு வீட்டையும் தாயையும் தாங்க வேண்டும். அர்ஜுன் பேடி, சாரதா சீனிவாசன் ஆகிய ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட கட்டுரை தமிழகத்துப் பெண் குழந்தைகளின் இழப்பை இவ்வாறே பிறப்புக்கு முன், பிறப்புக்குப் பின் எனப் பிரித்து ஆராய்ந்தது. அதற்கும் முன்னே, 1997-இல், வெங்கடேஷ் ஆத்ரேயாவும் அரசு உயர் அலுவலரான ஷீலா ராணி சுங்கத்தும் ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேடுகளைக் கொண்டே சிசுக்கொலை எங்கெங்கே நிகழ்கிறது என்பதை வெளிப்படுத்தினர்.

அப்பதிவேடுகளில் என்ன இருந்தது தெரியுமா? இறந்த பெண் சிசுக்களின் பெயருக்கு நேராக, இறப்புக்கான காரணம் என்ற இடத்தில், ‘சமூகக் காரணங்கள்’ என்று எழுதப்பட்டிருந்தது. கொலை என்று எழுதத் துணிவில்லை. வயிற்றுப்போக்கு என்று பொய் எழுத மனமில்லை. எவரும் ஒரு நாள் இதைப் படிப்பார் என்ற நம்பிக்கையில் கிராம சுகாதாரச் செவிலியர் அவ்விரு சொற்களை எழுதி வைத்தனர் போலும். உண்மை பதிவேட்டிலேயே கிடந்தது. எடுத்து எண்ணுவதற்குத்தான் ஆள் இல்லாதிருந்தது.

இவ்விடத்தில் நம்மவர் சிலர் குறுக்கிடுவர். ‘ஒரே ஓர் உயிர் காப்பாற்றப்பட்டாலும் போதும், அன்புப் பணிக்குக் கணக்கு எதற்கு? விலைமதிப்பற்ற உயிரை எண்ணாக்குவது பாவம் அல்லவா?’ என்பர். கேட்பதற்கு உருக்கமான வாதம். ஆனால் நற்செய்தி காட்டும் ஆயனைச் சற்று நினைத்துப் பாருங்கள். தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போனான் என்று அவனது அன்பை வியந்து நாம் மறையுரை ஆற்றுகிறோம். அந்த ஒன்று காணாமற்போனது அவனுக்கு எப்படித் தெரிந்தது? மாலையில் பட்டியில் அடைக்கும்போது எண்ணினான், ஆகவே தெரிந்தது. எண்ணாத ஆயனுக்கு எல்லா நாளும் மந்தை முழுமையாகவே தோன்றும். பத்து நாணயத்தில் ஒன்றை இழந்த பெண்ணும் எண்ணிய பிறகே விளக்கேற்றினாள். ஓர் உயிர் விலைமதிப்பற்றது என்று மெய்யாகவே நம்புகிறவன், அது குறையும்போது அறிந்துகொள்ளும் வழியையும் தேடுவான்.

விவிலியம் கற்றோர் தாவீதை எடுத்துக்காட்டி மறுக்கக்கூடும். தாவீது அரசன் மக்களைக் கணக்கெடுத்தது பாவமாகக் கருதப்பட்டதன்றோ? ஆம். ஆனால் அவன் எண்ணியது எவரை? வாளேந்தக் கூடியவர்களை. தன் வலிமையைத் தானே வியந்துகொள்ள அவன் எண்ணினான். ஆக, கணக்கில் இருவகை உண்டு. இருப்பதை எண்ணிப் பெருமிதம் கொள்வது தாவீதின் கணக்கு. இல்லாததை அறிந்து தேடிப் போவது ஆயனின் கணக்கு. நம் ஆட்சியாளர்களின் கையில் முதல் வகைக் கணக்கு ஏராளம். ‘இத்தனை கோடி ஒதுக்கினோம், இத்தனை இலட்சம் பேருக்கு வழங்கினோம், இத்தனை தொட்டில் வைத்தோம்.’ இவை யாவும் வாளேந்தியவர்களின் எண்ணிக்கையே.

இது ஒரு கட்சிக்கோ ஓர் அரசுக்கோ உரிய குறை அன்று. நடுவண் அரசு 2015 ஜனவரியில் பெண் குழந்தைகளைக் காக்கும் திட்டம் ஒன்றைப் பெரும் முழக்கத்துடன் தொடங்கியது. நம் கடலூர் மாவட்டமும் அதன் முதற்பட்டியலில் இடம்பெற்றது. 2016 முதல் 2019 வரை அதற்கென விடுவிக்கப்பட்ட 446.72 கோடி ரூபாயில் 78.91 விழுக்காடு விளம்பரத்துக்கே செலவாயிற்று என்று நாடாளுமன்றக் குழு 2021 டிசம்பரில் எடுத்துரைத்தது. ஐந்து ரூபாயில் ஏறத்தாழ நான்கு ரூபாய் சுவரொட்டிக்கும் தொலைக்காட்சிக்கும் போயிற்று. எண்ணியதால் இது தெரிந்தது.

‘கணக்குக் கேட்கத் தொடங்கினால், ஏழைக்குக் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள்’ என்று அஞ்சுவோரும் உண்டு. வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை விரித்தபோது, இது வீண் செலவு என்றும் வாக்குக்காகப் போடும் சோறு என்றும் ஏளனம் செய்தோர் பலர். அவர்கள் கையிலும் சான்று இல்லை. புகழ்ந்தோர் கையிலும் இல்லை. 2001-இல் உச்சநீதிமன்றம் நாடெங்கும் பள்ளிகளில் சமைத்த உணவு வழங்க ஆணையிட்டது. 2021-இல் சுமன் சக்ரவர்த்தியும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு, பள்ளியில் மதிய உணவு உண்டு வளர்ந்த சிறுமிகள் தாயானபோது அவர்களுடைய குழந்தைகளிடம் வளர்ச்சிக் குன்றல் குறைந்திருந்ததைக் காட்டிற்று. தாய் உண்ட சோறு, இன்னும் பிறவாத பிள்ளையின் உயரமாக வெளிப்பட்டது. ஏளனம் செய்தவர்களின் வாயை மேடைப் பேச்சு அடைக்கவில்லை, சான்று அடைத்தது. முறையான கணக்கு ஏழைக்குப் பகை அன்று. ஏழையின் பக்கம் நின்று வாதாடும் வழக்கறிஞர்.

முறையான கணக்கு என்பது என்ன? அதற்கும் நம் மாநிலத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. அங்கன்வாடியில் ஒரே பணியாளர் சமைப்பதையும் கவனித்து, எடை பார்த்து, பதிவேடும் எழுதி, பாடமும் சொல்ல வேண்டியுள்ளது. பாடம் சொல்ல மட்டும் அரைநேரப் பணியாளர் ஒருவரைக் கூடுதலாக அமர்த்தினால் பயன் இருக்குமா என்று அறிய, தமிழக அரசின் ஒத்துழைப்போடு கார்த்திக் முரளிதரன் முதலிய ஆய்வாளர்கள் 320 மையங்களை எடுத்துக்கொண்டனர். எந்த மையத்துக்குக் கூடுதல் பணியாளர் என்பதைச் சட்டமன்ற உறுப்பினரோ அதிகாரியோ முடிவு செய்யவில்லை. குலுக்கல் முடிவு செய்தது. ஏறத்தாழ 18 மாதங்களுக்குப் பின் இரு வகை மையங்களின் குழந்தைகளையும் ஒப்பிட்டனர். கூடுதல் பணியாளர் இருந்த மையங்களில் குழந்தைகள் கணக்கிலும் மொழியிலும் முன்னேறியிருந்தனர். அத்துடன், பழைய பணியாளருக்கு நேரம் கிடைத்தமையால், கடும் ஊட்டச்சத்துக் குறைவும் வளர்ச்சிக் குன்றலும் அங்கே குறைந்திருந்தன.

குலுக்கலா என்று எவரும் முகம் சுளிக்க வேண்டா. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் திருத்தூதர்கள் சீட்டுப் போட்டே தெரிந்துகொண்டனர். எல்லாருக்கும் ஒரே நாளில் கொடுக்கப் போதிய பணம் இல்லாதபோது, எவருக்கு முதலில் என்பதைக் குலுக்கல் தீர்மானிப்பது, சிபாரிசு தீர்மானிப்பதைவிட நேர்மையானது. அதோடு, முதலில் பெற்றவர்க்கும் பின்னர் பெறப்போகிறவர்க்கும் இடையே உள்ள வேறுபாடே திட்டத்தின் பயனைக் காட்டிவிடும். 2011-இல் ஐந்து மாவட்டங்களின் ஒன்றியங்களை இவ்வாறு வரிசைப்படுத்தி, சிலவற்றில் தொட்டிலோடு ஸ்கேன் மையக் கண்காணிப்பையும் முதலில் தொடங்கியிருந்தால், எது உயிர் காத்தது என்பது சில ஆண்டுகளில் தெரிந்திருக்கும். அவ்வாய்ப்பு நழுவியது.

நிற்க. சான்று எல்லாவற்றையும் தீர்மானித்துவிடும் என்று நாம் கொள்ளவில்லை. தமிழக அரசின் பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்தில், பெற்றோருள் ஒருவர் கருத்தடை அறுவை செய்துகொண்டால்தான் மகளின் பெயரில் வைப்புத்தொகை கிட்டும் என்பது நிபந்தனை. அந்நிபந்தனை எண்ணிக்கையில் வெற்றி பெற்றாலும், வறியவரின் உடலை விலைபேசுவது முறையா என்ற கேள்வி அப்படியே நிற்கும். ஒரு வழி பயன் தருகிறதா என்பதைச் சான்று சொல்லும். அவ்வழி நன்றா என்பதை மனச்சான்று சொல்ல வேண்டும். ஆனால் மனச்சான்றின் பெயரால் கண்ணை மூடிக்கொள்வோருக்கு அது புகலிடம் ஆகாது.

இனிச் செய்ய வேண்டியவற்றைச் சொல்லி முடிப்போம். 2021-இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கவில்லை. 2027 மார்ச் முதல் நாளைக் கணக்கு நாளாகக் கொண்டு நடத்தப்படும் என்று 2025 ஜூனில் அறிவிப்பு வந்தது. பதினாறு ஆண்டுகள் ஒரு மாவட்டம் தன் மகள்களை எண்ணாமல் இருக்கலாகாது. ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையப் பகுதியிலும் பிறந்த ஆண், பெண் குழந்தைகள் எத்தனை, முதல் ஆண்டில் இறந்தோர் எத்தனை என்பதை ஆண்டுதோறும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்குமாறு மாவட்ட நிர்வாகத்தை நாம் கேட்க வேண்டும். கிராமசபையில் கேட்க வேண்டும். தேர்தலில் வாக்குக் கேட்டு வருவோரிடம், எவ்வளவு செலவிட்டீர்கள் என்பதோடு நில்லாது, எவ்வளவு மாறியது என்றும் கேட்க வேண்டும்.

அரசிடம் கேட்கும் நாம் நம்மிடமும் கேட்கவேண்டும். உயிரின் புனிதத்தைப் பற்றி நம்மைவிட உரக்கப் பேசுவோர் இல்லை. நம் ஒவ்வொரு பங்கிலும் திருமுழுக்குப் பதிவேடு இருக்கிறது. ஆணா பெண்ணா என்பது அதில் தெளிவாக உள்ளது. ஒரு சிறிய பங்கின் ஓராண்டுக் கணக்கு எதையும் சொல்லாது. நாற்பது திருமுழுக்குகளில் பெண் குழந்தைகள் பதினைந்தே என்றாலும் அது தற்செயலாக நிகழக்கூடும். ஆகவே எந்தக் குடும்பத்தையும் சந்தேகக் கண்ணோடு பார்க்க இக்கணக்கைப் பயன்படுத்தலாகாது. ஆனால் வேலூர் மறைமாவட்டத்தில் திருவண்ணாமலைப் பகுதியைச் சேர்ந்த பங்குகள் யாவும் பத்தாண்டுகளின் பதிவேடுகளைச் சேர்த்து எண்ணினால், கணக்கு பேசத் தொடங்கும். நாலாயிரம் திருமுழுக்குகளில் பெண் குழந்தைகள் ஏறத்தாழ 1,950 இருக்க வேண்டும். 1,850 மட்டுமே இருப்பின், தற்செயல் என்று சொல்லித் தப்ப இயலாது. நம் வாசகர்களுள் ஆசிரியர்கள் உள்ளனர், செவிலியர்கள் உள்ளனர், வங்கியிலும் அலுவலகத்திலும் கணக்கெழுதிப் பழகியோர் உள்ளனர். அன்பியத்துக்கு இருவர் முன்வந்தால் சில ஞாயிறுகளில் முடியும் வேலை.

விடை நமக்குப் பெருமை தருவதாக இருக்கலாம். தலைகுனிவு தருவதாகவும் இருக்கலாம். எதுவாயினும், 2027-இன் கணக்கெடுப்பாளர் நம் வாயிலுக்கு வருமுன், நம் பட்டியில் எத்தனை ஆடுகள் குறைகின்றன என்பதை நாம் எண்ணி முடித்திருப்போம்.